எல்லோருக்கும் மழை

அடுத்த வாரம் எழுத்துத் தேர்வு. மரக்காணத்தில் பஸ் ஏறியதிலிருந்து பத்தி எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். முதல் வரியில் மையக் கருத்து, பிறகு இணைப்புச் சொற்கள். தலைப்பு, மழை.

"மழை எல்லோருக்கும் மகிழ்ச்சி தருகிறது" என்று தொடங்கினேன்.

பக்கத்தில் உப்பள வேலை முடிந்து வந்த அக்கா. நோட்டை எட்டிப் பார்த்தார்.

"எல்லாருக்குமாம்மா?"

"எங்க ஊரு பெருமுக்கல்க்கா. மழையில்லாம வேர்க்கடலை வாடுது."

"காலையில வாரிக் குவிச்ச உப்பு இன்னும் வரப்புலதான் கெடக்குது. மழை பேஞ்சா கரைஞ்சிடும். பாத்தி காயுற வரைக்கும் எங்களுக்கு வேலையும் இல்ல."

"எல்லோருக்கும்" என்பதை அடித்தேன். அடுத்த வரியில் "ஆனால்" என்று போட்டேன். அதற்குமேல் வரி அமையவில்லை. எழுதினேன், அடித்தேன், ஜன்னலைப் பார்த்தேன். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கப்போகும்போது என் நோட்டைத் தட்டினார்.

"ஆனால், எங்க பக்கம் விட்டுட்டு உங்க ஊர்ல பேயட்டும்னு எழுதும்மா."

அப்படியே எழுதிவிட்டேன். பத்தி சரியாக முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து மூன்று முறை மாடி ஏறிப் பார்த்தாயிற்று. மேகம் இன்னும் உப்பளப் பக்கமே நிற்கிறது.

உங்கள் பக்கம் எப்படி?