காரில் ஒட்டிய ஈசல்

என் மகள் கார் ஓட்டுகிறாள். சொந்தக் கார் இல்லை. வேங்கிக்காலில் இருக்கிற ஒரு அம்மாவுடையது. ஆபீஸ் வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர்கள். அவர்கள் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கிய வண்டி அது, வாங்கிய ஆறாம் மாதமே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்புறம் வந்த டிரைவர் ஒருவர் சுவரில் உரசிவிட்டார் என்று அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்களாம். என் மகளைச் சேர்த்துக்கொள்ளும்போதும் அதையே சொல்லித்தான் சேர்த்தார்கள். "பெயிண்ட்ல ஒரு கோடு விழுந்தாலும் சாவிய வச்சிட்டுப் போயிடணும்."

லைசென்ஸ் எடுத்த பிறகும் ஒன்றரை வருஷம் அவள் ஜாக்கெட் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். பொம்பளை கையில் வண்டியைக் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. இந்த அம்மா ஒருத்தர்தான் கொடுத்தார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், திரும்பி வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வேலை என்பதால் காரை அடி அண்ணாமலையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள். வேலூரில் இருந்து வரும் வழியிலேயே மழை விட்டு ஈசல் கிளம்பியிருக்கிறது. காலையில் பார்க்கிறேன், காரின் மூஞ்சி முழுக்க ஈசல். முன்பக்க லைட், நம்பர் பிளேட், பானெட் விளிம்பு, கண்ணாடி, எங்கே பார்த்தாலும் றெக்கையும் மஞ்சள் கறையும். கருநீல வண்டி வேறு. ஏதோ அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

மகள் பேத்தியின் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "நான் வந்து கழுவிக்கிறேம்மா, நீ தொடாத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

நான் தொட்டேன்.

முந்தின நாள் முழுக்க ஓட்டிவிட்டு வந்தவள், வந்ததும் குனிந்து நிமிர்ந்து கழுவ வேண்டுமே என்று நினைத்தேன். வண்டி நின்ற வேப்பமர நிழலும் நகர்ந்துகொண்டிருந்தது. எறும்பு வேறு சாரையாக டயர் மேல் ஏறிவிட்டது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அசையவில்லை. அடிப்பிடித்த பால் பாத்திரம் போலக் காய்ந்துவிட்டது. அடிப்பிடித்ததை எடுக்க எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு துலக்குகிற கை. கொஞ்சம் புளி, ஒரு பிடி தேங்காய் நார். பானெட் விளிம்பில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். ஈசல் போயே போய்விட்டது. சந்தோஷமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

தண்ணீர் வடிந்ததும் வெயிலில் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு, வட்ட வட்டமாக, மயிர் மயிராகக் கோடு. விரலால் தடவினேன், முந்தானையால் துடைத்தேன். அது அழுக்கு இல்லை.

நாரைத் தூக்கி எறிந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சாவி போயிற்று என்பதைத் தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை. மீதி ஈசல் அப்படியே இருந்தது. கோட்டை இனி அழிக்க முடியாது, இன்னொரு கோடு விழாமல் மீதியை எடுத்தே தீர வேண்டும் என்று எழுந்தேன்.

கிரிவலப் பாதையில் வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் கடை ஒன்று இருக்கிறது. எத்தனையோ வருஷமாக அதைத் தாண்டிப் போகிறேன், அங்கே நிற்கிற ஆம்பளைகளை நிமிர்ந்து பார்த்ததில்லை. மளிகைக் கடையில்கூட நான் கையைக் காட்டுவேனே தவிர வாய் திறக்க மாட்டேன். அன்றைக்கு மூன்று பேர் நின்றார்கள். இரண்டு தடவை கடையைத் தாண்டிப் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை கடைக்காரரே கேட்டார்.

"என்ன ஆயா, எதுனா தேடறியா?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. புளி என்றதும் பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

"விளக்கு மாதிரி பளபளன்னு ஆயிடுச்சா ஆயா? அந்த ஈசல வறுத்துத் தின்னிருந்தா இவ்ளோ கஷ்டமே இல்ல."

காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை. கடைக்காரர் அவரை அதட்டிவிட்டு, கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு வந்தார்.

"தேய்க்கக் கூடாது ஆயா, ஊற வைக்கணும். மெத்துனு துணிய நனைச்சு மேல போடு. காஞ்சா திரும்ப ஊத்து. அதுவா இளகும். அப்புறம் ஒத்தி எடு. அதே துணிய அலசாம வைக்காத, அதுல இருக்கிற மண்ணே கோடு போட்டுடும்."

வண்டி சூடாக இருந்தால் தொடவே கூடாது என்றும், பாத்திர சோப்பு ஆகாது என்றும் சொல்லி, பழைய பாட்டிலில் கொஞ்சம் கார் ஷாம்பு ஊற்றிக் கொடுத்தார். விழுந்த கோட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். பாலிஷ் போட்டால் மங்கும், முழுசாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியை நாலாகக் கிழித்தேன். நனைத்து, மூஞ்சி முழுக்கப் போர்த்தினேன். காயக் காய ஊற்றினேன். துணியை மெல்லத் தூக்கினால் பாதி ஈசல் அதோடு வந்தது. அலசினேன், மறுபடி போர்த்தினேன். லைட் மூலையில் இருந்தவை மட்டும் பிடிவாதம் பிடித்தன. எனக்கு அவற்றைவிடப் பிடிவாதம். கை பழக்கத்தில் அழுத்தப் போகும், இழுத்துக்கொள்வேன். நாலாவது முறை ஷாம்பு தொட்டு ஒற்றியதும் அவையும் விட்டன. பன்னிரண்டு மணிக்கு மேல் ஆகிவிட்டது. அந்த உள்ளங்கை இடம் தவிர வண்டியில் ஒரு குறை இல்லை.

மகள் வந்தாள். பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டவில்லை. "நான் பண்ணதா சொல்லிக்கிறேம்மா" என்றாள்.

"நானும் வரேன்."

"நீ வந்து இன்னா பேசப் போற?"

புடவை மாற்றிக்கொண்டு போய் காரில் உட்கார்ந்துவிட்டேன்.

வேங்கிக்காலில் அந்த அம்மா கேட் அருகே கைப்பையோடு நின்றார்கள். மகள் இறங்குவதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

"அம்மா, வண்டியில கோடு விழுந்துடுச்சு. நான்தான் புளியும் நாரும் போட்டுத் தேச்சேன். தொடாதன்னு சொல்லிட்டுதான் அவ போனா. அவ மேல தப்பு இல்ல."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். மகள் சாவியை நீட்டியபடி நின்றாள். விரலால் கோட்டைத் தடவினார்கள். அப்புறம் விரல் லைட் மூலைக்குப் போய் அங்கேயே நின்றது.

"நேத்து இங்கல்லாம் ஈசலா இருந்துச்சே. இத எப்படி எடுத்தீங்க?"

வேட்டி கிழித்ததில் இருந்து எல்லாம் சொன்னேன். கடைக்காரர் சொன்னதையும், அந்த ஆள் சிரித்ததையும்கூடச் சொன்னேன். அவ்வளவு நேரம் வெளி ஆளிடம் நான் பேசியதே இல்லை. அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைத்தார்கள். முகம் கடுகடு என்றுதான் இருந்தது.

நான் முடித்ததும் பின் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தார்கள். மகள் இன்னும் சாவியை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அத ஏன் என்கிட்ட நீட்டற? நேரமாவுது, வண்டிய எடு."

மகள் என்னைப் பார்க்காமல் ஏறி வண்டியை எடுத்தாள். கேட்டை நான்தான் இழுத்துச் சாத்தினேன்.