மேரி அக்காவின் முதுகில் என் கால்

இதையெல்லாம் எழுத உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள். பொறுத்துக்கொண்டு படியுங்கள்... வாயால் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன்.

மேரி அக்காவின் வலது கால் கெட்டதற்கு நான்தான் காரணம். மிதிக்கக் கூடாது என்று தெரிந்தே அவள் முதுகில் மிதித்தேன்!

பிறக்கும்போது எனக்குத் தலைக்கு முன்னால் கால் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். குப்புறப் படுப்பார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மிதித்து, காலால் கீழ்நோக்கி வழித்துவிடுவேன்.

தி.நகர்க் கடைகளுக்கு ரவிக்கைக் கொக்கி தைத்துக் கொடுப்பவளை மற்ற நாளில் யார் தேடி வருவார்கள்? சரசு என்ற என் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ‘காலுக்காரம்மா’ என்றால் தெரியும். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது... அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேரி அக்கா கீழ்வீட்டுக்காரி. மந்தைவெளியில் மீன் விற்பவள். என் கணவர் இறந்தபோது என் வீட்டில் அடுப்பு மூட்டியவள் அவள்தான்.

அவளுக்கு இடுப்பில் தொடங்கிய வலி கால்வரை இறங்கியது. ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துவிட்டு அவள் உள்ளே புடவையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். ஒரு கையை மூடி, அதன்மேல் மற்றொரு கையை மூடி வைத்தார். பிறகு மேல் கையைச் சற்று முன்னால் தள்ளினார்.

“முதுகெலும்பு நேரா அடுக்கின மாதிரி இருக்கணும். இவங்களுக்கு அடியில ஒரு எலும்பு இப்படி முன்னால நழுவியிருக்கு. நரம்பு நசுங்குது, அதான் கால்ல வலி. பயப்படாதீங்க. நிறைய பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே சரியாகும். பாரம் தூக்கக் கூடாது. கொஞ்ச நாள் பெல்ட் போடணும். வலி அடங்கினதும் வயிறும் முதுகும் பலமாகறதுக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க. முக்கியமா ஒண்ணு... சுளுக்குன்னு யாரையும் முதுகுல மிதிக்க விட்டுடாதீங்க. எலும்பு இன்னும் நகர்ந்தா கால் விளங்காமப் போயிடும். அவங்ககிட்ட சொல்லிடுங்க.”

சொல்கிறேன் என்று தலையாட்டினேன்.

சொல்லவில்லை!

ஆட்டோவில் அக்கா கேட்டாள். “இன்னாமே சொன்னாங்க டாக்டரம்மா?”

“எலும்பு கொஞ்சம் நகர்ந்திருக்காம். பாரம் தூக்காம, பெல்ட் போட்டுக்கச் சொன்னாங்க.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். மிச்சத்தையும் சொன்னால், அதுவரை நான் மிதித்த முதுகுகளுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? அதற்குப் பிறகு என் கதவை எவர் தட்டுவார்? இப்படித்தான் ஓடியது என் புத்தி. பக்கத்தில் ஒருத்தி ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்... எனக்கு என் பெயர் பெரிதாக இருந்தது.

பெல்ட் போட்டதில் வலி குறைந்தது. குறைந்ததும் அவள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். “நா தூக்காம, கூடைய உன் டாக்டரம்மாவா வந்து தூக்குவா?” என்று சிரித்தாள்.

ஒரு மத்தியானம் வலி மறுபடி பிடித்தது. எதிர்வீட்டுக் கல்பனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, தரையில் குப்புறப் படுத்துவிட்டாள்.

“இன்னாமே நின்னுகினு கீற? காலை வைமே, உசுரு போவுது.”

“வேணாங்க்கா. ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்.”

கல்பனா சிரித்தாள். “இன்னா காலுக்காரம்மா, பவர் போயிடுச்சா? பேட்டரி மாத்தணுமா?”

அந்த வலியிலும் மேரி அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உண்மை நாக்கு நுனியில் நின்றது. ‘டாக்டர் கூடாது என்றார்’... அவ்வளவுதான்! அதைச் சொல்லாமல் காலைத் தூக்கினேன்.

என் பாதத்தின் கீழ் ஏதோ அசைந்தது. நிஜமாகவே அசைந்ததா, பிறகு நானாகக் கற்பனை செய்துகொண்டேனா? தெரியவில்லை. அக்கா ஒரு முறை அலறினாள். உடனே, “விட்டுச்சுமே... விட்டுச்சு” என்றாள். அதை நம்ப எனக்கு எவ்வளவு ஆசை!

பொழுது சாயும்போது அவள் காலில் செருப்பு நிற்கவில்லை. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை.

ஆபரேஷன் செய்தார்கள். நழுவிய எலும்பை ஸ்க்ரூ போட்டு நிறுத்தினார்கள். வலி போய்விட்டது. பாதத்துக்கு மட்டும் பலம் முழுதாகத் திரும்பவில்லை.

“மறுபடியும் பாரம் தூக்கினீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“ஆமாம்மா. எல்லாம் என் திமிரு. கூடைய தூக்கிட்டேன்.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ஃப்ளாஸ்க் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

கூடையே காரணமாக இருக்கலாமே என்று நீங்கள் எனக்காக இரங்கக்கூடும். நானும் அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆனால் டாக்டர் சொன்னது கூடைக்குத் தெரியாது... எனக்குத் தெரியும்!

போன ஞாயிற்றுக்கிழமை மேரி அக்கா தன் மருமகளை அழைத்துக்கொண்டு வந்தாள்.

“இவளுக்கும் இடுப்பு புடிச்சிகினு கீது. ஒரு தபா காலை வைமே. நாந்தான் கூடைய தூக்கி கெடுத்துகினேன். இல்லேன்னா உன் காலுக்கே எனக்கு சரியாப் போயிருக்கும்.”

அந்தப் பெண் அதற்குள் படுக்கத் தொடங்கிவிட்டாள். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? இதைவிட நல்ல நேரம் எனக்கு எப்போது வாய்க்கும்?

“எனக்கு முட்டி வலிங்க்கா. இனிமே மிதிக்க முடியாது. இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க” என்றேன்.

மருமகளின் முதுகு தப்பியது. நான் இன்னொரு பொய்க்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

மறுநாள் காலை மேரி அக்கா காலை இழுத்து இழுத்து மாடி ஏறி வந்தாள். கையில் தைலம் இருந்தது. என்னை உட்காரவைத்து என் முட்டியில் தேய்த்துவிட்டாள். பிறகு மார்க்கெட்டுக்குப் போனாள்.