ருஷ்கா கட்டடத்தின் நெற்றி

ஓடெல் ருஷ்கா முப்பது வருஷம் தபால்காரர். ஓய்வு பெற்ற பிறகும் கால் சும்மா இருக்கவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொப்பியும் தானுமாகக் கோர்ட்டுப் படியில் நிற்பார். வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு டன்லப் ஊரின் பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டுவார். கட்டணம் கிடையாது. அவருக்கு வேண்டியதெல்லாம் கடைசியாக வரும் பழைய சேணக் கடையின் முன்னால் நின்று, "இது எங்க கொள்ளுத்தாத்தா கட்டினது. செங்கல் வரிசையைப் பாருங்க, எங்கேயாவது கோணல் இருக்கா? பொறுமைசாலி மனுஷனோட கை!" என்று சொல்வதுதான். அப்போது மனுஷன் இரண்டு அங்குலம் வளர்ந்துவிடுவார்.

அந்தச் செப்டம்பரில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். வழக்கம்போல மாவிஸ் அம்மாளும். பள்ளிக்கூடத்துச் சமையலறையில் காலம் தள்ளியவர், எழுபத்தெட்டு வயது. ஒன்பது வருஷமாக ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்து, கூட்டத்தின் வாலில் நின்று, வாயே திறக்காமல் கேட்டுவிட்டுப் போவார். இந்த அம்மாளுக்கு வேறு வேலையில்லையா என்று ஊரே சிரிக்கும்.

வங்கி, நாடகக் கொட்டகை, பழைய ஜெயில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. சேணக் கடைக்கு வந்ததும் ஓடெல் வழக்கம்போல, "இது எங்க கொள்ளுத்தாத்தா கட்டினது" என்று கையை உயர்த்தினார். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வாரம் கட்டடத்தின் முகப்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருக்கிறார்கள். உச்சியில் 'ருஷ்கா' என்று எழுதியிருந்த சுண்ணாம்புப் பூச்சு மொத்தமாக உதிர்ந்துவிட்டது. அதற்கடியில் கல்லில் வெட்டிய எழுத்து: பிளெட்ஸோ, 1889.

ஓடெல் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வேறு கட்டடத்துக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்த்தார். முப்பது வருஷம் தபால் போட்ட கதவு, சந்தேகமே இல்லை.

"பிளெட்ஸோன்னா யாருங்க?" என்றாள் ஹூஸ்டனிலிருந்து வந்த பெண்.

"அது... கூட்டாளியா இருக்கும்."

"அப்ப உங்க கொள்ளுத்தாத்தா பேரு?"

"இருந்துச்சே! போன மாசம்கூட இருந்துச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓடெல் திருதிருவென்று விழித்தார். செங்கல்லைப் பற்றிச் சொல்லலாமா கூடாதா என்றுகூடப் புரியவில்லை. சொல்லாமலே கூட்டத்தை அனுப்பிவிட்டார். எதிரே இறைச்சி சுடும் கடைக்கு எல்லோரும் நகர்ந்தார்கள். மாவிஸ் மட்டும் அசையவில்லை.

"இன்னிக்குச் செங்கல்லைப் பத்திச் சொல்லலையே, ஓடெல்?"

"யாரு வச்ச செங்கல்லுன்னே தெரியலையே, மிஸ் மாவிஸ்!"

"எங்க கொள்ளுத்தாத்தா வச்சதுப்பா. பிளெட்ஸோ. மழை பொய்ச்ச வருஷம் உங்க ஆளுக்கு வித்துட்டாரு. வாங்கினவரு தன் பேரை எழுதிக்கிட்டாரு, அதுல என்ன தப்பு?"

ஓடெலுக்குக் காது சூடேறியது. "ஒன்பது வருஷமா நான் உளறினதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மனசுக்குள்ள சிரிச்சீங்களா?"

"சொன்னா நீ நிறுத்திருவியோன்னு பயம்ப்பா. அவரு கையைப் பத்தி இந்த ஊர்ல நல்ல வார்த்தை பேசுறது நீ ஒருத்தன்தானே. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஓடெலுக்கு வெட்கமா, கோபமா, சந்தோஷமா என்றே பிடிபடவில்லை. இனி அந்தப் பொறுமைசாலிக் கை தன் கொள்ளுத்தாத்தாவுடையது இல்லை. திடீரென்று தெருவைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் வாங்க! நான் தப்பாச் சொல்லிட்டேன்! சொல்ல வேண்டியவங்க இங்கே இருக்காங்க!"

கையில் ரொட்டியும் இறைச்சியுமாகத் திரும்பி வந்தார்கள். மாவிஸ் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றார். தான் எங்கே நிற்பது என்று தெரியாமல் ஓடெல் இங்குமங்கும் தடுமாறினார். கடைசியில் மாவிஸ் வழக்கமாக நிற்கும் இடத்தில் போய் நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.