முழங்கைச் சூடு

யோஸ்தெய்ன் சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளிவிட்டு, பீருக்காகக் காய்ச்சி இறக்கிய மால்ட் சாற்றுக்குள் இடது முழங்கையை விடுகிறார். கண் மூடிக்கொள்கிறது, உதடு முணுமுணுக்கிறது. ஜெபமா, எண்ணிக்கையா என்று கேட்டால் "ரெண்டும்தான்" என்பார். கறந்த பாலின் சூட்டுக்குச் சாறு ஆறியதும் ஜாம் பாட்டிலில் இருக்கும் ஈஸ்டைக் கொட்டி, தொட்டிக்குள் தலையை நீட்டி ஒரு கத்துக் கத்துவார். மேற்கு நார்வேயில் எங்கள் பக்கம் ஈஸ்ட் போட்டால் கத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் பீர் சப்பென்று போய்விடும். இவர் கத்தினால் அக்கரை ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும்.

பிழைப்பு, படகுத்துறையில். கார்களைப் படகில் வரிசையாக ஏற்றி நிறுத்தும் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கு வருகிறவர்களையும் உள்ளங்கையைக் காட்டி நாற்காலிக்கு நாற்காலி நகர்த்தி உட்கார வைப்பார்.

கடை ஈஸ்ட் அவர் வாசல்படி ஏறியதில்லை. மூன்றாம் நாள் பொங்கி நிற்கும் நுரையை மரக்கரண்டியால் வழித்து, இரண்டு பாட்டிலில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பார். ஒன்று அடுத்த முறைக்கு, மற்றது ஆபத்துக்கு. "தொடாதே, உயிர் இருக்கு" என்று மேலே எழுதி ஒட்டியிருக்கும். மீந்ததைக் காகிதத்தில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அது கேட்டவர்களுக்கெல்லாம்.

பக்கத்துப் பண்ணை ரான்வெய்க்குக்கும் நாலு வருஷம் முன்பு அப்படித்தான் கொடுத்தார். அவள் கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். வெப்பமானி வைத்துப் பார்க்காமல் ஈஸ்ட் போட மாட்டாள்.

"பீருக்குக் காய்ச்சலாம்மா? டாக்டரக் கூப்பிடவா?" என்று ஒருமுறை அவளைச் சீண்டினார்.

"கூப்பிடேன். அப்படியே உன் முழங்கையையும் காட்டிக்க."

அவள் விளையாட்டாகச் சொன்னது. ஆனால் போன பிப்ரவரியில் பனி உறைந்த படகுத் தளத்தில் வழுக்கி விழுந்தபோது அடிபட்டது அதே முழங்கைதான். அன்று முதல் அது லேசாக மரத்துக் கிடந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் முழங்கைக்கு மரியாதை போய்விடும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நூறு லிட்டர் காய்ச்சினார். ருசி பார்க்க வரச்சொல்லி அண்டை அயல் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. முழங்கையை விட்டார், இதமாக இருந்தது. ஈஸ்டைக் கொட்டினார், கத்தினார். அரை மணியில் வெள்ளைப் படலம் கட்ட வேண்டும், கட்டவில்லை. குளிரில் இருந்து வந்த ஈஸ்டுக்குச் சோம்பல் என்று நினைத்து, ஆபத்துக்கு வைத்திருந்த பாட்டிலையும் கவிழ்த்து இன்னொரு தரம் கத்தினார்.

விடிந்து பார்த்தால் சாறு கண்ணாடி மாதிரி அசையாமல் இருந்தது. சந்தேகம் வந்து, வாளியில் வெந்நீர் எடுத்து இடது முழங்கையை விட்டார். இதம். வலது முழங்கையை விட்டார். "கர்த்தாவே" என்று துள்ளி எடுத்தார். இரண்டு பாட்டில் உயிரையும் சுடுசாற்றில் போட்டுக் கொன்றது அவரேதான். சாயங்காலத்துக்குள் உயிருள்ள ஈஸ்ட் விழாவிட்டால் நூறு லிட்டரும் புளித்துவிடும்.

காலிப் பாட்டிலைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு ரான்வெய்க் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"இருக்கா?"

"எது?"

"நான் குடுத்ததுதான்."

"நீ குடுத்தது எப்பவோ போய்ச் சேந்தாச்சு. இருக்கிறது அதோட பேரன் பேத்திங்க." பாட்டிலை வாங்கி நிறைத்தாள். "என்ன ஆச்சு?"

அவர் இடது முழங்கையைத் தடவினார். அவள் பாட்டிலோடு வெப்பமானியையும் அவர் கையில் வைத்தாள்.

"இது எனக்கா, பீருக்கா?"

"யாருக்குக் காய்ச்சலோ அவங்களுக்கு. நான் ஊர்ல சொல்லமாட்டேன், போ."

சாற்றை மறுபடி சூடாக்கி, கதவைத் தாழிட்டு, வெப்பமானியில் முப்பத்தெட்டு டிகிரி வரும்வரை காத்திருந்து ஊற்றினார். கத்தல் மட்டும் வழக்கம் போலத்தான். ஒரு மணி நேரத்தில் தொட்டி முணுமுணுக்க ஆரம்பித்தது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் எல்லோரும் வந்தார்கள். அவரவரை நாற்காலியில் நிறுத்தி முடித்து, நுரையை வழித்தார். இந்த முறை மூன்று பாட்டில். மூன்றாவதில் ரான்வெய்க் பெயரை எழுதி, அவளுடைய குளிர்பெட்டியில் இருக்கட்டும் என்று அவள் மடியில் வைத்தார். பீர் நிறைந்த மரக்கிண்ணம் கைமாறிக்கொண்டே போனது.

படகுத் தலைவர் அஸ்பியோன் மீசை நுரையைத் துடைத்தார். "வருஷா வருஷம் எப்படிப்பா? அந்த முழங்கைக்கு இன்சூரன்ஸ் போட்டு வையி. எங்க, ஒருதரம் காட்டு."

வருஷா வருஷம் காட்டுவது வழக்கம்தான். ரான்வெய்க் தன் முறைக்கு வந்த கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். யோஸ்தெய்ன் சட்டைக் கையைச் சுருட்டப் போனார். பாதி சுருட்டினவர், திரும்ப மணிக்கட்டு வரை இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.