பூநாரை பார்க்கப் போன ஞாயிறு

மரக்காணத்துக்குப் பூநாரை பார்க்க இப்போது கார்களில் வருகிறார்கள். முழ நீளக் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, உப்பளத்துக் கரை வரைக்கும் வண்டியை ஏற்றி நிறுத்தி, கதவைப் படீரென்று சாத்துகிறார்கள். பறவைகள் எழுந்து போய்விடுகின்றன. எத்தனை இருந்தன என்று கேட்டால் "நிறைய" என்கிறார்கள். நிறைய என்பது எந்தக் கணக்கில் சேரும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், நானும் என் மனைவியும் திண்டிவனத்திலிருந்து ஸ்கூட்டரில் அங்கே போனோம். தெருவில் கேட்டவர்களிடம் பறவை பார்க்கப் போகிறோம் என்று சொன்னோம். அதில் பாதிதான் உண்மை. என் மனைவியின் தங்கையை மரக்காணத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுக்கு நான்கும் பெண்கள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, மூன்றாவது பெண்ணை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகத் தங்கை தானாகவே சொன்னாள். நாங்கள் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு நாங்கள் போய்க் கேட்டதாகப் பேச்சு வந்தது.

மாசியில் ஒரு நாள் வாருங்கள், பிள்ளைகளோடு ஊர் சுற்றுங்கள், குழந்தை உங்களிடம் ஒட்டிக்கொண்டால் சாயங்காலம் அக்கா மடியில் உட்கார வைத்து அனுப்பிவிடுகிறேன் என்பதுதான் பேச்சு. அதற்காகவே என்னோடு வேலை பார்த்தவரின் ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கினேன். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு குழந்தை நிற்க இடம் உண்டு.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பறவை பார்ப்பது என் பொழுதுபோக்கு. பார்ப்பது என்பதைவிட எண்ணுவது. கழுவேலி ஏரி கண்ணில் பட்டதும் ரோட்டோரம் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் ஓரத்தில் கூழைக்கடா நாற்பத்தொன்று. அதற்கப்பால் ஊசிவால் வாத்துகள் கருப்பாக அப்பிக் கிடந்தன. அவற்றைப் பத்துப் பத்தாகக் கூறு போட்டுத்தான் எண்ண முடியும்.

"அதுங்கதான் நீந்திக்கினே இருக்குதே, எப்படி எண்றீங்க?" என்றாள் என் மனைவி.

"ஒரு பக்கமாத்தான் நீந்துது."

"எண்ணி முடிக்கிறதுக்குள்ள அங்க இட்லி ஆறிடும். வாங்க."

அவளுக்கு வாத்தில் நினைப்பு இல்லை. பின்னால் உட்கார்ந்தபடி என் முதுகோடு பேசிக்கொண்டே வந்தாள். "நம்மள பெரியம்மா, பெரியப்பான்னே கூப்பிடட்டும். அம்மான்னு கூப்பிடுன்னு நாமளா சொல்லக் கூடாது. அதுவா ஒரு நாள் வரட்டும்." கொஞ்ச தூரம் போனதும், "நீங்க கணக்குப் போடச் சொல்லி அடிக்கக் கூடாது" என்றாள். அடிக்கிற வாத்தியார் இல்லை நான். அவளுக்கும் அது தெரியும். அன்று அவள் எதையாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

என் சகலை உப்பளத்தில் மேஸ்திரி. என்னைவிட வயதில் சின்னவர்; வாய் மட்டும் பெரியது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "இன்னா அண்ணே, ஸ்கூல் பசங்கள எண்ணி முடிச்சாச்சு, இப்ப கொக்கு எண்ற வேலையும் குடுத்துட்டாங்களா?"

"கொக்கு இல்ல, பூநாரை."

"எங்களுக்கு அதெல்லாம் கொக்குதான். உப்பை மிதிச்சுட்டுப் போவும், கொக்கு."

தங்கை சிரித்துக்கொண்டே காபி கொடுத்தாள். பத்தாவது வரை படித்தவள். சாமியாடி, குறி எதையும் நம்பாதவள் என்று என் மனைவி பெருமையாகச் சொல்வாள். நான்கு பெண்களும் தலைவாரி, ஒரே துணியில் தைத்த கவுன் போட்டுக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது, அடுத்தவளுக்கு ஏழு, எங்களுக்கென்று பேசியிருந்தவளுக்கு ஐந்து, கடைசிக்கு இரண்டு. என் விரல் தானாக எழுந்தது. "ஒண்ணு, ரெண்டு" என்பதற்குள் தங்கை குறுக்கிட்டாள்.

"மாமா, கொக்கை எண்ணுங்க. புள்ளைங்கள எண்ணாதீங்க."

பிள்ளைகளைத் தலை எண்ணக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவளும் விளையாட்டாகத்தான் சொன்னாள். நானும் சிரித்துக் கையை மடக்கிக்கொண்டேன்.

சகலைக்கு ஞாயிற்றுக்கிழமையும் உப்புக் களத்தில் வேலை இருந்ததால் அவர் சைக்கிளில் முன்னால் போய்விட்டார். நாங்கள் முதலில் பழைய சிவன் கோயிலுக்குப் போனோம். சுவர் முழுக்கக் கல்வெட்டு. மூத்தவர்கள் இரண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்றார்கள். ஐந்து வயசுக்காரி மட்டும் என் கையை விடாமல், "யாரு சுவத்துல கிறுக்கினது? அவங்கள அடிக்கலியா?" என்று கேட்டாள். என் மனைவி அந்தப் பேச்சைத் தங்கையிடம் நான்கு முறை சொல்லிச் சிரித்தாள். கடைத்தெருவில் வளையல் பார்த்தார்கள். அங்கேயும் அந்தக் குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நடந்தது. காலையிலேயே காரியம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

உப்பளத்தில் வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. நீண்ட கழியில் பலகை பூட்டி உப்பை இழுத்து ஓரத்தில் குவித்துக்கொண்டிருந்தார்கள். வாரி முடித்த அம்பாரங்கள் பனையோலை மூடிக் கிடந்தன. அவற்றுக்கு அப்பால், நீர் தேக்கி வைத்திருந்த பெரிய பாத்தியில் பூநாரைகள் நின்றன. குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு எண்ணினேன். எண்பத்தேழு. அவளும் என் தலைமேல் இருந்தபடி எண்ணினாள். இருபத்தொன்பது வரைக்கும் சரியாக வந்து, அதற்குமேல் இருபத்துப் பத்து, இருபத்துப் பதினொன்று என்று போனாள். நான் திருத்தவில்லை. யாரையும் திருத்தாமல் விட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறையாகத்தான் இருக்கும்.

"அது ஏன் ஒத்தக் கால்ல நிக்குது?"

"இன்னொரு காலு வலிக்குதாம்."

"அதுக்குச் செருப்பு வாங்கிக் குடு பெரியப்பா."

என் மனைவி வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றிருந்தாள். பூநாரைகளைப் பார்க்கவே இல்லை. குழந்தையின் பாதத்தில் ஒட்டியிருந்த உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முகம் இருந்ததுபோல் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

கால்வாயைத் தாண்டினால் கடல். பிள்ளைகள் அடம்பிடித்ததால் படகில் அக்கரைக்குப் போனோம். அலையில் கால் நனைத்து, கிளிஞ்சல் பொறுக்கிவிட்டு, பசி வந்ததும் அதே படகில் திரும்பினோம். இங்கேதான் நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றி யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

கால்வாய்க் கரை சேறு. வழுக்கும். படகிலிருந்து முதலில் ஐந்து வயசுக்காரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் இறங்கினேன். மூத்த பெண்கள் இரண்டு பேரும் குதித்தார்கள். என் மனைவி கடைசிக் குழந்தையோடு இறங்கி மேட்டில் ஏறினாள். தங்கை கூடையை எடுக்கப் படகிலேயே குனிந்திருந்தாள். பள்ளிப் பிள்ளைகளை வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப்போகிறவன் நான். தண்ணீரிலிருந்து ஏறியதும் தலை எண்ணாமல் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன். அதில் ஒரு முறை உண்டு. நாம் கையில் பிடித்திருக்கும் பிள்ளையை எண்ணக் கூடாது. அவன் தொலைய முடியாது. அவனையும் சேர்த்தால் எண்ணிக்கை குழம்பி, தொலைந்தவன் ஒருவன் கணக்கில் மறைந்துவிடுவான். எந்த வாத்தியாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்.

கரையில் நின்று விரலை நீட்டினேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணும் இருக்குது. சரி, நடங்க."

பெரியவள் கைகொட்டிச் சிரித்தாள். "ஐயோ பெரியப்பா, நாங்க நாலு பேரு."

தங்கை படகில் நிமிர்ந்து நின்றாள். "மூணா?"

"இவதான் எங்கிட்ட இருக்காளே" என்றேன். "மிச்சம் மூணு. சரியாத்தானே இருக்குது?"

தங்கை படகிலிருந்து இறங்கி, கூடையை என் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு குழந்தையை வாங்கிக்கொண்டாள். கூடையைப் பிடிக்கக் கை வேண்டுமே என்றுதான் நான் நினைத்தேன். வீடு போய்ச் சேரும் வரைக்கும் அவள் குழந்தையை இறக்கிவிடவில்லை. ஐந்து வயசுப் பெண், நல்ல கனம், கரையெல்லாம் வெயில். என் மனைவி இரண்டு முறை, "குடுடி, நான் தூக்கிக்கறேன்" என்றாள். "வேணாங்க்கா, கனமில்ல" என்றாள் தங்கை.

சாப்பாட்டில் மீன்குழம்பு. மூத்தவர்களைத் தாங்களே சாப்பிடச் சொல்லி, கடைசிக் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு, அந்தக் குழந்தைக்கு மட்டும் தங்கை முள் எடுத்து ஊட்டினாள். குழந்தை, "நானே சாப்பிடுவேன்" என்று கையைத் தட்டியது. அவள் விடவில்லை. சகலை களத்திலிருந்து வந்து உட்கார்ந்து, ஒன்றும் தெரியாமல் அந்தக் குழந்தையைக் காட்டி, "அப்புறம், மேடத்தோட துணிமணியெல்லாம் கட்டியாச்சா?" என்றார். யாரும் சிரிக்காததைப் பார்த்து அவரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் அக்காவும் தங்கையும் அடுப்பங்கரைக்குள் போனார்கள். அந்த வீட்டில் கூடத்துக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் அரைச்சுவர்தான். எல்லாம் கேட்டது.

"கண்ணு பட்டுடும்னு நான் சொல்லலக்கா. அதையெல்லாம் நான் பார்க்கறதில்ல. மூணும் இருக்குது, சரின்னு சொன்னாரு பாரு. இன்னொண்ணு தண்ணியில விழுந்துடுச்சுன்னு நானே திரும்பித் தண்ணியப் பார்த்தேன். தினமும் சோறு போடறப்ப நான் மூணு தட்டு எடுக்கணும். என்னால முடியாது."

"இல்லடி, அவரு பழக்கத்துல சொல்லிட்டாரு..."

"தெரியுங்க்கா. மாமா தப்பா ஒண்ணும் சொல்லல. மன்னிச்சுடு."

சகலை என் தோளைத் தட்டி வெளியே கூட்டிவந்தார். "ரெண்டு நாள் போவட்டும் அண்ணே. நான் பேசறேன்." அவர் பேசினாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்கு ஐந்தாவது பிறந்தது, ஆண். அப்போதுகூட அந்த மூன்றாவது பெண்ணை எங்களுக்குக் கொடுக்கும் நினைப்பு யாருக்கும் வரவில்லை.

அன்று நாங்கள் புறப்பட்டபோது குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றாள் என் மனைவி. ஸ்கூட்டரின் முன்பக்கம் காலியாகக் கிடந்தது. என் கண் அடிக்கடி அங்கே போனதால் வண்டியை நேராக ஓட்டவே சிரமப்பட்டேன். கழுவேலியில் வாத்துகள் இப்போது கரைப்பக்கம் வந்திருந்தன. நிறுத்தவில்லை.

திண்டிவனத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை அணைத்ததும் நான்தான் ஆரம்பித்தேன். எண்ணியதில் தவறே இல்லை, கையில் இருப்பதை யாரும் எண்ணுவதில்லை, கால்வாய்க் கரையில் வேறெப்படி எண்ணுவது என்றெல்லாம் சொன்னேன். படித்த பெண் இதற்காகப் பேச்சு மாறலாமா என்றும் கேட்டேன்.

"அவ எடத்துல நான் இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றாள் என் மனைவி.

"உனக்கு வருத்தமே இல்லியா?"

"கேட்டு தெறந்துட்டாங்க. வண்டிய எடுங்க."

என்னிடம் கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் தங்கையிடம் கோபித்திருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். இரண்டும் செய்யவில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை மரக்காணத்துக்குப் பஸ்ஸில் தனியாகப் போய்வந்தாள். என்னையும் வரச் சொல்லி ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நானாகப் போக எனக்கு மனம் வரவில்லை. உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில், "வாத்தியாருக்கு அன்னிக்குக் கணக்குத் தப்பிடுச்சு" என்று சொல்லிச் சிரித்ததாகக் காதில் விழுந்தது. தப்பவில்லை. நான்கில் ஒன்று போனால் மூன்றுதான். அந்த ஒன்றைக் கொடுப்பதாகச் சொன்னவளும் தங்கைதான். கொடுத்தால் மூன்று மிஞ்சும் என்பது பொங்கலன்றே தெரிந்திருக்க வேண்டாமா? கால்வாய்க் கரையில் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

என் மனைவி இறந்து காரியத்தன்று அந்த மூன்றாவது பெண் வந்திருந்தாள். தலையில் நரை. தன் பெரியம்மாவின் படத்துக்கு முன்னால் நன்றாக அழுதாள். சாப்பிட்ட பிறகு மரியாதைக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லவில்லை என்பது அவள் பேச ஆரம்பித்த உடனே தெரிந்தது.

"பெரியம்மாதான் வந்துக்கினே இருப்பாங்க. நீங்க ஒரு தடவையாவது எங்க வீட்டுக்கு வந்திருக்கலாம் பெரியப்பா."

"வந்திருக்கேன். நீ சின்னப் புள்ள."

"அப்படியா?" என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வாசலிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.