இரண்டு கால்களையும் மழிப்பவர்

ஸ்கேனுக்குத் தடவும் ஜெல் குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் குதிரை டாக்டர் பொனாரியா லாயத்துக்குள் நுழைவார். பிப்ரவரிக் குளிரில் ஜெல் சில்லென்று பட்டால் குதிரை உதைக்கும். ஒரிஸ்தானோ நகரில் அவரிடம் திட்டு வாங்காத குதிரை உண்டு, குதிரைக்காரன் கிடையாது.

ஸ்கேன் கருவியை உடனே திறக்கமாட்டார். கண்ணை மூடி, முன்காலின் பின்புறம் ஓடும் தசைநாணை விரலால் தடவுவார். யாராவது பேசினால், "வாய மூடு, விரலுக்குக் காது கேக்கல" என்பார்.

இன்று குதிரைக்காரன் அந்த்தியோக்கோவின் பெண்குதிரை முர்த்தா. ஒத்திகையில் இடது முன்காலைத் தாங்கித் தாங்கி வைத்தது. கார்னிவல் திருவிழாச் செவ்வாயன்று மூன்று குதிரைகள் ஒட்டி ஓட, மூன்று பேர் தோள் கோத்து அவற்றின் முதுகில் நிற்பார்கள். ஒன்று நின்றால் மூன்றும் நின்றதுபோல்தான். வேறு குதிரையைப் பழக்க ஒரு வருடம் ஆகும்.

மயிர் வெட்டும் மெஷினைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டியது. "மழிக்காதீங்க டாக்டரக்கா. தடத்தைப் பாத்தா முர்த்தாவுக்குக் கால் போச்சுன்னு ஊரே பேசும். ஸ்பிரிட்டை ஊத்தி மயிரைப் படியவெச்சுப் பாருங்களேன்."

"இந்தக் கம்பளிக்கு மேலயா? மூட்டைக்கு வெளிய நின்னு அரிசி நல்லதான்னு சொல்லச் சொல்றே!"

எப்போதும் இரண்டு கால்களையும் மழிப்பார்; நல்ல காலைத்தான் முதலில் பார்ப்பார். ஒவ்வொரு குதிரைக்கும் 'நல்லது' வேறு என்பது அவர் கட்சி. "ரெண்டும் மொட்டை. எந்தக் கால்னு உன் எதிராளிங்க மண்டைய உடைச்சுக்கட்டும், போ."

ஸ்கேன் திரையில், வலது காலின் நார்கள் வெள்ளையாக, நெருக்கமாகத் தெரிந்தன. இடது காலில் கருவி பாதி தூரம் இறங்கியதும் வெள்ளையின் நடுவே கறுப்பாக ஓர் ஓட்டை. இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். அது அங்கேயே இருந்தது.

"சின்னப் புள்ளிதானே அக்கா? கட்டுப் போட்டு ஒரே ஒரு நாள்..."

"ஓடுவா. ஆனா அங்க நார் கிழிஞ்சிருக்கு; பாதியில நாண் அறுந்தா, பக்கத்து ரெண்டு குதிரையும் உன் கூட்டாளிங்களும் சேந்து விழுவாங்க. இப்ப நிறுத்தினா அடுத்த கார்னிவலுக்கு இவ இருப்பா."

அந்த்தியோக்கோ திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒத்திகைக்காக முர்த்தாவின் பிடரியில் காகித ரோஜாக்களைக் கட்டியிருந்தார்கள். பொனாரியா கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றை அவிழ்த்து, நசுங்காமல் அவன் உள்ளங்கையில் வைத்தார். அடுத்ததன் முடிச்சில் விரல் வைத்தபோது, அவன் மற்றக் கையையும் நீட்டினான்.