வயலுக்கு அடியில் கரி

"...தோண்டிட்ட சரி மாமா, அந்த நெலத்துல பயிர் வெச்சவங்க இன்னா ஆவாங்க?" என்று என் பின்னால் நின்று கேட்டாள் என் மனைவி செல்வி.

நான் கணினியில் கோட்டை கட்டும் விளையாட்டில் மூழ்கியிருந்தேன். அதில் வரும் குள்ள மனிதர்கள் பயிர் செய்த நிலத்துக்குக் கீழே பழுப்பு நிலக்கரி அகப்பட்டிருந்தது. நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்கிற கல் அது. அதைச் சூளையில் சுட்டுக் கரியாக்கினால் இரும்பு உருக்கலாம், வாள் அடிக்கலாம், கோட்டைக்குக் கதவு போடலாம். அந்தச் சந்தோஷத்தில், "பொம்மைங்கதான புள்ள, வேற எடத்துல போயி இருந்துக்கும்" என்றேன்.

"எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க."

கடலூர்ப் பக்கம் அவள் பிறந்த ஊரே நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போய்விட்டது. அன்றிலிருந்து வீடு மாறி வீடு மாறி அலுத்துப்போன என் மாமியார், இனிமேல் பாகூரில் எங்களோடு இருப்பதற்காக அந்த வாரம் வருவதாக இருந்தார்.

"நம்ம வயலுக்கு அடியிலயும் இந்தக் கரி இருக்குதுன்னு பேசிக்கிறாங்களே. சுரங்கத்துக்குக் கேட்டா குடுத்துடுவியா மாமா?"

"குடுக்காம? நாத்து நட்டு நட்டு இன்னாத்த கண்டோம்?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் சொன்னேன். ஆனால் அதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கே அப்போதுதான் புரிந்தது. ஒருவருடைய மனசு வெளியே வருவதற்குப் பெரிய சண்டை எதுவும் தேவையில்லை போலிருக்கிறது.

செல்வி போனை எடுத்து அவளுடைய அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அம்மாவ இங்க இட்டுனு வராதண்ணே. இதுவும் நெலைக்காது" என்றாள்.